ஊர் நடுவே மறுசீரமைப்பு: சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிட முழுமையான வழிகாட்டி

சின்ன நகரத்தின் மையப்பகுதியைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தால், எல்லோர் கண்ணும் முதலில் அந்த வண்ணப் படத்தின் மேல்தான் போகும். அகலமான நடைபாதை, அடுக்குமாடி வாகன நிறுத்தம், கண்ணாடி முகப்புள்ள வணிக வளாகம், வரிசையாக மரங்கள். படத்தில் மழை பெய்யாது, லாரி போகாது, தூசி பறக்காது. இவற்றையெல்லாம் கணக்குக்குள் கொண்டுவருவதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வேலை.

இந்த நடைமுறைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். 1970 ஜனவரி 1 அன்று அது கையெழுத்தானது. 1992-இல் ஐ.நா. மாநாட்டில் வந்த ரியோ பிரகடனத்தின் 17-ஆவது கோட்பாடு, சுற்றுச்சூழலைப் பெரிதாகப் பாதிக்கக்கூடிய திட்டங்களுக்கு இந்த மதிப்பீடு வேண்டும் என்று உலக நாடுகளிடம் சொன்னது. இருந்தாலும் அணை, சுரங்கம், பெரிய தொழிற்சாலை என்றால் விழித்துக்கொள்ளும் விதிமுறைகள், ஊர் நடுவே நடக்கும் கட்டுமானத்தை எளிதில் விட்டுவிடுகின்றன. பரப்பளவு வரம்பைத் தொடவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், கோப்பு நகர்ந்துவிடும்.

சின்ன நகரத்தில்தான் இது அதிகம் உறுத்த வேண்டும். பெரிய நகரத்தில் ஒரு வளாகம் வந்தால் பாரம் பல கால்வாய்களுக்கும் பல சாலைகளுக்கும் பிரிந்துபோகும். சின்ன நகரத்தில் பெரும்பாலும் ஒரே முதன்மை வடிகால், ஒரே குடிநீர் ஆதாரம், ஒன்றிரண்டு பெரிய சாலைகள். அதனால் ஒரே ஒரு திட்டம் மொத்த ஊரின் கணக்கையும் மாற்றிவிட முடியும்.

கீழே உள்ள வரிசையை நகராட்சிப் பொறியாளரும் பின்பற்றலாம். அறிக்கையைச் சரிபார்க்க விரும்பும் குடியிருப்போர் சங்கமும் பின்பற்றலாம். ஒரே நிபந்தனை: வரைபடம் இறுதியாவதற்கு முன்பே தொடங்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டிய பிறகு வரும் அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதனால் ஒரு தூணைக்கூட இடம் மாற்ற முடியாது.

1. திட்டம் எது, எல்லை எது

முதலில் திட்டத்தை முழுசாக எழுதி வாங்குங்கள். வளாகம் ஒரு கோப்பு, சாலை விரிவாக்கம் இன்னொரு கோப்பு, வாகன நிறுத்தம் மூன்றாவது கோப்பு என்று பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னதாகத் தெரியும். வரம்புக்குக் கீழேயே நின்றுவிடும். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பயன் இல்லை என்றால் அவை எல்லாம் ஒரே திட்டம்தான். புதிய மின்மாற்றி, நீட்டிக்கப்படும் குழாய், இடிபாடுகளைக் கொட்டப்போகும் இடம், வியாபாரிகளைத் தற்காலிகமாக மாற்றும் இடம் எல்லாமும் அதற்குள் வர வேண்டும்.

எல்லையையும் மனையின் வேலியோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தாக்கத்துக்கும் எல்லை வேறு. சத்தத்துக்குச் சில நூறு மீட்டர் போதும். போக்குவரத்துக்கு ஊரின் முக்கியச் சந்திப்புகள் வரை போக வேண்டும். மழைநீருக்கு வடிகால் ஆற்றிலோ ஏரியிலோ கலக்கும் புள்ளிவரை நடந்தே போய்ப் பார்க்க வேண்டும். வேறு வழியே இல்லை.

2. மாற்று வழிகள்

எந்தத் திட்டத்துக்கும் குறைந்தது மூன்று வடிவங்களை ஒப்பிடுங்கள்: முன்மொழியப்பட்டது, எதுவும் செய்யாமல் விடுவது, பழைய கட்டடங்களை வைத்துக்கொண்டே சீரமைப்பது. மூன்றாவதைத்தான் அறிக்கைகள் ஒரே பத்தியில் தள்ளிவிடுகின்றன. அதை விடாதீர்கள். உலகின் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியால் வருகிறது. நிற்கிற கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, பழைய கான்கிரீட்டுக்காக ஒருமுறை செலுத்திய விலையை வீணாக்கி, மறுபடியும் செலுத்துகிறோம். புதிய கட்டடம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று வாதம் வரும். மிச்சமாகட்டும்; இடித்ததையும் கட்டியதையும் ஈடுகட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்று கேளுங்கள். அந்த எண் இல்லாமல் இடிக்கும் முடிவை ஏற்க வேண்டாம்.

3. இன்றைய நிலை

எதிலிருந்து மாறுகிறது என்று தெரியாமல் எவ்வளவு மாறும் என்று சொல்ல முடியாது. காற்று, சத்தம், நிலத்தடி நீர்மட்டம், வடிகாலின் கொள்ளளவு, மரங்கள், வாகன எண்ணிக்கை, பழைய கட்டடங்களில் ஏற்கெனவே உள்ள விரிசல்கள் எல்லாவற்றையும் வேலை தொடங்கும் முன்பே அளந்து, தேதி போட்டுப் பதிவு செய்யுங்கள். விரிசல்களை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, வீட்டு உரிமையாளர் கையெழுத்தோடு ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். பின்னால் 'இது முன்பே இருந்ததுதான்' என்று யாரும் சொல்ல முடியாது.

பருவம் முக்கியம். வெயில் காலத்தில் மட்டும் அளந்த நீர்மட்டமும், விடுமுறையில் எண்ணிய வாகனங்களும் எதையும் சொல்லாது. நிலத்தடி நீருக்கு மழைக்கு முன்னும் பின்னும், காற்றுக்குக் குறைந்தது இரண்டு பருவங்களில், போக்குவரத்துக்குச் சாதாரண நாளிலும் கூட்டம் சேரும் நாளிலும் அளவெடுங்கள்.

காற்றின் அளவை எதோடு ஒப்பிடுவது? உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள நுண்துகளின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமையும், 24 மணி நேரச் சராசரி 15-ஐயும் தாண்டக்கூடாது. 10 மைக்ரோமீட்டர் வரையிலான பி.எம். 10 துகளுக்கு இவை 15, 45. உள்நாட்டுச் சட்ட வரம்பு இதைவிடத் தளர்வாக இருக்கலாம். அறிக்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே வரம்பைத் தாண்டிய ஊரில், 'திட்டத்தால் கூடுவது கொஞ்சம்தான்' என்ற வாதத்துக்கு எடை குறைவு. நிரம்பிய இடத்தில்தான் அந்தக் கொஞ்சமும் வந்து சேர்கிறது.

4. மண்ணுக்குள் என்ன இருக்கிறது

ஊரின் நடுப்பகுதிதான் பெரும்பாலும் ஊரின் பழைய பகுதி. இன்று காலி மனையாகக் கிடக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பெட்ரோல் பங்க், அச்சகம், சலவை நிலையம், மெக்கானிக் பட்டறை, முலாம் பூசும் கூடம் என்று ஏதாவது இருந்திருக்கும். ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை மண்ணில் விட்டுவிட்டுப் போயிருக்கும்: பங்க் இருந்த இடத்தில் நிலத்தடி டேங்கிலிருந்து கசிந்த எரிபொருளும் பென்சீனும், உலர்சலவை நடந்த இடத்தில் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான், முலாம் பூசிய இடத்தில் குரோமியம் முதலிய உலோகங்கள். கரைப்பான் வகை தண்ணீரைவிடக் கனமானது. நிலத்தடி நீருக்குள்ளும் இறங்கி அடியில் தங்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் ஆவி தரை வழியாகக் கட்டடத்துக்குள் ஏறும்.

நெதர்லாந்தின் லெக்கர்கெர்க் ஊரில் 1980-இல் நடந்தது இதற்குப் பாடம். புதிதாகக் கட்டிய குடியிருப்பின் அடியில் ரசாயனக் கழிவு புதைந்திருந்தது தெரியவந்து, இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றி மண்ணையே தோண்டி அகற்ற வேண்டியிருந்தது. கட்டும் முன் மண்ணைப் பார்க்க ஆகும் செலவு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வேலையை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டத்தில் மண்வெட்டி தேவையில்லை. பழைய நில ஆவணம், தொழில் உரிமப் பதிவேடு, வான்வழிப் படங்கள், தீயணைப்புத் துறை பதிவுகள், அப்புறம் அந்தத் தெருவில் நெடுநாள் இருந்த பெரியவர்கள். எந்த மூலையில் டேங்க் இருந்தது, கழிவெண்ணெயை எங்கே ஊற்றினார்கள் என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது, அவர்களுக்குத் தெரியும். இரண்டாம் கட்டத்தில், அந்தத் தகவல் சுட்டும் இடங்களில் துளையிட்டு மண், நீர், மண் துகள்களுக்கிடையே தேங்கும் ஆவி மூன்றையும் சோதிக்க வேண்டும். மனையைச் சம கட்டங்களாகப் பிரித்து நாலு மூலையில் துளையிட்டு 'சுத்தம்' என்று சொல்வது எளிது. டேங்க் ஐந்தாவது இடத்தில் இருக்கும்.

5. தண்ணீர்

அறிக்கையில் நேரம் செலவிட ஒரே ஓர் அத்தியாயம்தான் முடியும் என்றால் இதைப் படியுங்கள். கணக்கும் கடினமில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அதில் எவ்வளவு ஓடுகிறது என்பதைச் சொல்வது வழிந்தோட்டக் குணகம். தார், கான்கிரீட், கூரை போன்றவற்றுக்கு 0.9 என்று வைத்துக்கொள்ளலாம். செடி கொடி உள்ள மண்ணுக்கு 0.2.

ஒரு ஹெக்டேர் மனையை எடுத்துக்கொள்வோம். இன்று அதில் 60 சதவீதம் கட்டடமும் சாலையும், 40 சதவீதம் முற்றமும் மரத்தடியும். சராசரிக் குணகம் 0.62. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 5 லட்சம் லிட்டர். வடிகாலுக்கு வருவது 3,10,000 லிட்டர். திட்டம் முடிந்தபின் 95 சதவீதம் மூடப்பட்டுவிடுகிறது, குணகம் 0.865. இப்போது வருவது 4,32,500 லிட்டர். கூடுதலாக 1,22,500 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் பத்தை ஒரே மணி நேரத்தில் அதே கால்வாயில் கவிழ்ப்பதற்குச் சமம்.

அளவு கூடுவது பாதிக் கதைதான். வழுவழுப்பான தளத்தில் தண்ணீர் வேகமாக ஓடிச் சேர்வதால், முன்பு மெதுவாக வந்துகொண்டிருந்தது இப்போது ஒரே நேரத்தில் வந்து முட்டும். ஆகவே மொத்த லிட்டரோடு, உச்சத்தில் நொடிக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணையும் கேளுங்கள். பிறகு அந்த வடிகாலைக் கீழ்நோக்கிப் பின்தொடருங்கள். அதன் கொள்ளளவைத் தீர்மானிப்பது அகலமான பகுதி அல்ல. இருப்பதிலேயே குறுகிய குழாயும், பாதி மண்ணால் அடைத்த, சாலைக்கு அடியில் போகும் சிறுபாலமும்தான். வெள்ளம் திட்டப் பகுதியில் வராது. அங்கே தரையை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். நாலு தெரு தள்ளி, தாழ்வான பகுதியில் இருப்பவர் வீட்டுக்குள் வரும். அவரிடம் யாராவது பேசினார்களா என்று அறிக்கையில் தேடிப் பாருங்கள்.

மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும் ஊர் என்றால் கவலை இரட்டிப்பு. பெருமழையில் குழாய் நிரம்பி, கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே ஆற்றுக்குள் வழியும். தனிக்குழாய் உள்ள ஊரிலும், நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழை சாலையில் சேர்ந்த எண்ணெய், டயர்த் தூள், உலோகத் துகள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும்.

நிபந்தனை எளிமையாக இருக்கட்டும்: திட்டத்துக்குப் பிறகு மனையிலிருந்து வெளியேறும் உச்ச அளவு இன்றைய அளவைத் தாண்டக்கூடாது. மேலே சொன்ன மனையில் கூடுதலாக வரும் 1,22,500 லிட்டரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் தொட்டி, நீர் ஊடுருவும் தளம், கூரைத் தோட்டம், மரக்குழிகள் ஆகியவற்றில் எது எவ்வளவு தாங்கும் என்று கூட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. நான்காவது படியில் மண்ணில் நஞ்சு இருப்பது தெரிந்திருந்தால், அதே இடத்தில் மழைநீரை உள்ளே இறக்கக்கூடாது. நஞ்சைக் கரைத்து நிலத்தடி நீருக்கு அனுப்பியதாகிவிடும். இரண்டு அத்தியாயங்களையும் இரண்டு ஆலோசகர்கள் தனித்தனியாக எழுதும்போது இந்த முரண் கண்ணில் படாமல் போகிறது.

தரைக்கீழ் வாகன நிறுத்தம் இருந்தால் கட்டுமானக் காலத்தில் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். சுற்றுவட்டார நீர்மட்டம் இறங்கும், மண் அமுங்கும், பக்கத்துக் கட்டடம் சாயலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரின் பேக் பே பகுதி, நிரப்பிய நிலத்தில் மரத்தூண்கள் மேல் எழுந்தது. நீர்மட்டம் இறங்கிய இடங்களில், தண்ணீருக்குள் பத்திரமாக இருந்த தூண்களின் தலைப்பகுதி காற்றுபட்டு உளுத்துப்போனது. பழைய ஊர் என்றால் பக்கத்துக் கட்டடங்களின் அஸ்திவாரம் எதன் மேல் நிற்கிறது என்பதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

6. இடிப்பு, தூசி, சத்தம், அதிர்வு

இடிக்கும் முன் ஒவ்வொரு கட்டடத்திலும் ஆபத்தான பொருள் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். கல்நார் என்ற ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டில் மட்டும் இருப்பதில்லை. குழாய் உறை, தரை ஓடு, பழைய மின்பலகையிலும் இருக்கும். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழையாகப் பறக்கும். அது தரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பதால், இடிப்பவரும் பக்கத்தில் இருப்பவரும் அன்றைக்கு எதையும் உணர மாட்டார்கள். ஈயம் கலந்த பழைய பெயின்ட், பாதரசம் உள்ள டியூப்லைட், பழைய மின்மாற்றி எண்ணெய் எல்லாவற்றையும் முதலில் தனியாக எடுத்துவிட்டுத்தான் எந்திரம் உள்ளே வர வேண்டும். கான்ட்ராக்டர் தரும் இடிப்பு அட்டவணையில் இதற்கு நாள் ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒதுக்கவில்லை என்றால் அது நடக்கப்போவதில்லை.

சத்தத்தில் ஒரு நுணுக்கம். டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்குக்குள் வராது. 60 டெசிபல் எழுப்பும் எந்திரத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று வைத்தால் 63 ஆகுமே தவிர 120 ஆகாது. அதேசமயம் 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். 'வெறும் 10தான் கூடுகிறது' என்ற வாக்கியத்தை அறிக்கையில் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். நாள் முழுவதற்குமான சராசரியை மட்டும் காட்டினால், பள்ளி நேரத்தில் பாறை உடைக்கும் சத்தம் இரவின் அமைதியில் கரைந்துவிடும். மணிவாரியாகக் கேளுங்கள்.

அதிர்வுக்கு ஜெர்மனியின் டின் 4150 தரநிலை பல நாடுகளில் பயன்படுகிறது. பழமையான, மென்மையான கட்டடங்களுக்கு, குறைந்த அதிர்வெண்ணில் அஸ்திவாரத்தில் அதிர்வின் வேகம் நொடிக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது.

7. வெப்பம், காற்றோட்டம், மரங்கள்

நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை லண்டனில் லூக் ஹோவர்ட் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து பதிவு செய்திருக்கிறார். தார்த்தளம், மரமின்மை, ஏசி வெளியே தள்ளும் சூடு இவை சேர்ந்து இரவிலும் ஊரைக் குளிரவிடாது. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. தென்கொரியத் தலைநகர் சியோலில் மேம்பாலச் சாலையை அகற்றி, மூடிக்கிடந்த சியொங்கேசியொன் ஓடையை 2005-இல் சுமார் 5.8 கிலோமீட்டருக்குத் திறந்துவிட்டார்கள். ஓடையோரம் பக்கத்துச் சாலைகளைவிடச் சில டிகிரி குளிர்ச்சியானது. ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்யப்படுகிறது. ஒரு நன்மையை எழுதும்போது அதற்கு ஆகும் மின்சாரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

உயரமான கட்டடம் மேலே வீசும் காற்றைத் தெருவுக்கு இறக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கோபுரத்தின் அடியில் 2011-இல் பலத்த காற்றில் லாரி கவிழ்ந்து பாதசாரி ஒருவர் இறந்தார். பிறகுதான் காற்றுத் தடுப்புகள் வைத்தார்கள். சுற்றிலும் தாழ்ந்த கட்டடங்கள் உள்ள சின்ன ஊரில் முதல் கோபுரம் எழுகிறதென்றால் காற்றுச் சோதனை கட்டாயம்.

மரத்தைப் பொறுத்தவரை வெட்டுவது மட்டுமல்ல, வேரை நசுக்குவதும் அதை அழித்துவிடும். அடிமரத்தின் விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரத்துக்குள் தோண்டவோ லாரி நிறுத்தவோ கூடாது என்பது பிரிட்டிஷ் தரநிலையின் விதி. 50 சென்டிமீட்டர் மரத்துக்கு அது 6 மீட்டர். வெட்டிய ஒரு பெரிய மரத்துக்குப் பத்துக் கன்று நடுகிறோம் என்றால், நிழல் எப்போது திரும்ப வரும் என்று கேளுங்கள்.

8. போக்குவரத்து

இதைப் பற்றி எல்லோரும் எழுதுவதால் சுருக்கமாக. எத்தனை வாகன நிறுத்துமிடம் கட்டுகிறார்களோ அத்தனை வாகனம் உள்ளே வரும். நிறுத்துமிடத்தைக் கூட்டுவது நெரிசலுக்கான தீர்வு என்று எழுதியிருந்தால் அந்தக் கணக்கைத் திருப்பிச் செய்யச் சொல்லுங்கள். கட்டுமான லாரிகள் எந்த வழியில், எந்த நேரத்தில் வரும் என்பதும் இந்த அத்தியாயத்தில் இருக்க வேண்டும்.

9. எல்லாம் சேர்ந்தால்

தனித்தனியாக எல்லாமே 'மிதமானது' என்று வந்துவிடும். அதே வடிகாலுக்கு, அதே சாலைக்கு அடுத்த சில ஆண்டுகளில் வரப்போகும் மற்றத் திட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். அனுமதி பெற்றவை, விண்ணப்பித்தவை இரண்டையும். அதேபோல் ஒரே வீட்டின் மேல் எத்தனை தாக்கம் குவிகிறது என்றும் பாருங்கள். தூசி, இரவுச் சத்தம், வெள்ளம் மூன்றும் ஒரே தெருவில் விழுகிறதென்றால், அட்டவணையில் மூன்று 'மிதம்' என்று இருந்தாலும் அந்தத் தெருவுக்கு அது கடுமையானதுதான். மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம், திறந்தவெளியில் நாள் முழுக்க உட்கார்ந்து விற்பவர்கள் ஆகியோரைத் தனியாகக் குறியுங்கள்.

10. மக்களிடம் கேட்பது

வரிசையில் பத்தாவதாக வந்தாலும் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டிய வேலை இது. அறிக்கை முழுவதும் உள்ளூர் மொழியில், தொழில்நுட்பச் சொல் அவிழ்த்து, கூட்டத்துக்கு முன்பே கையில் கிடைக்க வேண்டும். கூட்டத்தை ஒரே இடத்தில் நடத்தாமல் தாழ்வான பகுதியிலும் ஒன்று நடத்துங்கள். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் என்ன செய்தோம், ஏற்கவில்லை என்றால் ஏன் என்று எழுத்தில் பதில் இருக்கட்டும். 'கருத்துகள் பரிசீலிக்கப்பட்டன' என்ற ஒற்றை வரி பதிலாகாது.

11. தணிப்பு, நிபந்தனை, கண்காணிப்பு

தணிப்புக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தவிர்ப்பது, முடியாவிட்டால் குறைப்பது, பிறகு சரிசெய்வது, கடைசியாக ஈடுசெய்வது. கன்று நடுவது போன்ற ஈடு முதல் வரியிலேயே வந்திருந்தால் தவிர்க்க யாரும் முயலவில்லை என்று அர்த்தம்.

'தூசியைக் கட்டுப்படுத்த உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்பதை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது. அதே விஷயத்தை இப்படி எழுதுங்கள்: மனையின் எல்லையில் காற்று வீசும் பக்கமும் எதிர்ப்பக்கமும் துகள்மானி இருக்கும், நிர்ணயித்த அளவைத் தாண்டினால் இடிப்பு உடனே நிற்கும், நிறுத்தும் அதிகாரம் இந்தப் பதவியில் உள்ளவருக்கு, அளவுகள் அன்றன்றைக்கே வாயிலில் ஒட்டப்படும். யார், எதை, எப்போது, மீறினால் என்ன என்ற நாலும் இல்லாத நிபந்தனையை அனுமதி ஆணையில் ஏற்க வேண்டாம்.

கண்காணிப்புக்கான பணத்தை அனுமதி தரும்போதே வைப்புத்தொகையாக வாங்கிவிட வேண்டும். வளாகம் விற்றுக் கைமாறியபின் அந்தச் செலவுக்கு ஆள் தேடுவது வீண். முதல் மழைக்காலம் முடிந்ததும் வெளியேறும் நீரின் உச்ச அளவை அளந்து, ஐந்தாவது படியில் சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் தொட்டியைப் பெரிதாக்கும் பொறுப்பும் செலவும் யாருடையது என்பதை ஆணையிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் நீர்மட்டம், மரங்கள், விரிசல் பதிவு மூன்றையும் மறுபடி அளந்து, பழைய அறிக்கை வைத்திருந்த அதே அலுவலகத்தில், அதே கோப்பில் சேருங்கள்.